பெயிண்டர் வீட்டுச் சுவரில் ஒரு கொட்டகை

பெயிண்டர் தன் சொந்த வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் பல வருஷம் பிடித்தது. ஊரார் வீட்டையெல்லாம் பளபளவென்று ஆக்கிவிட்டு வந்து, தன் வீட்டில் காரை உதிர்ந்த சுவரில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவான். மனைவி கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பிறகு, ஒருநாள் யாரும் கேட்காமலே ஆரம்பித்தான். பட்டி பூசினான், தேய்த்தான், மறுபடி பூசினான். விளக்கைச் சுவரோரம் பிடித்து மேடு பள்ளம் தேடினான். முடிந்தபோது கூடத்துச் சுவர் முட்டை ஓடு மாதிரி இருந்தது. அன்றே உத்தரவும் போட்டுவிட்டான்.

"இதுல யாரும் ஒரு ஆணி அடிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

காரணம் இல்லாமல் இல்லை. அவன் ஏணியை மடக்கிக்கொண்டு வாசல் தாண்டுவதற்குள், உள்ளே டிவி மாட்டத் துளை போடும் சத்தம் கேட்கும். எந்த வீட்டுக்காரருக்கும் இரண்டு நாள் பொறுமை கிடையாது. ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டவன் அவன்.

மனைவிக்கு அச்சகத்தில் மை கலக்கும் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் மையக்கா. நிறம் இம்மி பிசகினாலும் மிஷினை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் முதலாளிக்கு அடுத்து அவளுக்குத்தான். இருந்து என்ன? பிஸ்கட் உறை, சோப்பு உறை, மருந்து டப்பா. அவள் பார்த்துப் பார்த்துக் கலந்த நிறத்தையெல்லாம் ஊரே கிழித்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும்.

அப்போதுதான் ஒரு பெரிய படப்புத்தகம் அச்சுக்கு வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில், பழைய பாணியெல்லாம் போதும் என்று கிளம்பிய ஓவியர்களின் படங்கள். ஒருவர் தாள் முழுக்க ஒரே பூவைப் போட்டிருந்தார். இன்னொருவர் தானியக் கிடங்கைக் கோபுரம் மாதிரி நிறுத்தியிருந்தார். சாம்பல் வானத்தில் ஒரு மொட்டை மலை. ஒரு வெறும் கொட்டகை. இதையெல்லாம் கூடவா வரைவார்கள் என்று மையக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தக் கொட்டகையின் சிவப்பைப் பிடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. செங்கல்லும் இல்லை, மிளகாயும் இல்லை. பல கோடை பார்த்த சிவப்பு. மிஷினிலிருந்து தாளை உருவி உருவி வெளிச்சத்தில் பார்த்து, கடைசியில் அது வந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது. மீந்துபோன தாள்களில் நல்லதாக நாலு முதலாளியிடம் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கூடத்துச் சுவரில்தான் மாட்டுவது என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டாள்.

பக்கத்துத் தெருவிலிருந்து வந்த நாத்தனார் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன அண்ணி, ஆளும் இல்ல, மாடும் இல்ல, வெறும் கொட்டகை! இதுக்காகவா எங்க அண்ணன்கிட்ட மல்லுக்கு நிக்கப் போறீங்க?"

"நிக்கத்தான் போறேன்."

பெயிண்டர் ஒரு பார்வை பார்த்தான். "பீரோ மேல வை."

"பீரோ மேல தூசிதான் இருக்கும். படம் சுவத்துல இருக்கணும்."

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"ஆணிதானே கூடாது?" என்றாள்.

மறுநாளே இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வாங்கிவந்து, அவன் வேலைக்குப் போன நேரத்தில் நாலையும் ஒட்டிவிட்டாள். சாயங்காலம் வந்தவன் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் விரலை விட்டு ஆணி தேடினான். கிடைக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போனான். நாத்தனார் முன்னால் அவளுக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை கொஞ்ச நாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கொட்டகை தொப்பென்று விழுந்தது. கண்ணாடி தப்பியது. ஆனால் தனியாக விழவில்லை. தட்டு அகலத்துக்குப் பெயிண்டையும் பட்டியையும் உரித்துக்கொண்டு வந்தது. பெயிண்டர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவளே தலையில் அடித்துக்கொண்டாள். அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் கத்தவில்லை. எழுந்துபோய், பிள்ளையின் சிராய்த்த முழங்காலைத் தடவுவதுபோல அந்த இடத்தைத் தடவினான்.

"நல்லாத்தான் இறுகியிருந்துச்சு" என்றான்.

கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. தன் உறைகளை ஊர் கிழிக்கிற மாதிரிதானே அவன் சுவரையும் ஊர் குடைகிறது, நாமும் அதையே செய்துவிட்டோமே என்று மனசை அறுத்தது. அதற்காகப் படங்களைப் பீரோ மேல் ஏற்றுவதா? அது நடக்காது.

மறுநாள் லீவு போட்டாள். பட்டி பூசித் தேய்த்தாள். வெள்ளையில் துளி மஞ்சள், ஊசிமுனை கறுப்பு சேர்த்து, சுவரோடு வைத்துப் பார்த்துப் பார்த்து நிறத்தைக் கொண்டுவந்தாள். பூசியதும் எது பழசு, எது புதுசு என்று அவளுக்கே தெரியவில்லை. சாயங்காலம் காய்ந்தபோது தெரிந்தது. பால் வண்ணச் சுவரில் டீ கொட்டின மாதிரி ஒரு வட்டம்.

உள்ளே வந்த பெயிண்டர் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏண்டி, ஈரத்துல வெச்சா நிறம் பாத்த?"

"எங்க மை ஈரத்துல எப்படியோ, காஞ்சாலும் அப்படியேதான் இருக்கும்."

"இது பெயிண்ட்டு. காஞ்சா கருக்கும். மையக்காவாம், மையக்கா!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பிடியை விடவில்லை. "இப்ப என்ன பண்றது?"

"தொட்டு வெக்கற வேலை ஆகாது. மூலைக்கு மூலை மொத்தமா அடிக்கணும்."

"அப்ப வெள்ளை வேண்டாம். படத்த முழுங்குது. இந்த மலைக்குப் பின்னாடி இருக்கற சாம்பல் அடிக்கலாம். நான் கலக்கறேன். இந்தத் தடவ காய வெச்சுப் பாக்கறேன்."

அவன் விழுந்த படத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தான். "கொட்டகைச் சுவத்துல ஒரு பிரஷ் தடமாவது தெரியுதா பாரு. எவனோ நல்ல வேலைக்காரன்."

"வரைஞ்சது அவரு. இந்தத் தாள்ல இருக்கற செவப்பு என்னுது."

அவன் நிமிர்ந்தான். "உன் பேரு போட்டிருக்காங்களா?"

"உங்க பேர எந்த வீட்டுச் சுவத்துல எழுதியிருக்காங்க?"

இத்தனை வருஷத்தில் இருவரும் இதைப் பேசியதே இல்லை.

சுவர் சாம்பலாகிக் காய்ந்த அன்று, பெயிண்டரே யாரிடமோ ட்ரில்லை இரவல் வாங்கி வந்தான். அவள் பென்சிலால் குறித்த இடத்தில் முனையை வைத்தான். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"நல்லா யோசிச்சுக்க. போட்டா போட்டதுதான். அப்புறம் மாத்த முடியாது."

அவள் கொட்டகையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். "ஆழமாவே போடுங்க. இது கிழிச்சுப் போடறதுக்கு இல்ல."