அறுபது யூரோவுக்கு ஐம்பது லிட்டர்

என் மகள் சைலாவின் கல்யாணத்துக்கு வீட்டில் காய்ச்சும் நாட்டு பீரான சாஹ்தியை வைப்பதா, கடலுக்கு அக்கரையில் தாலினிலிருந்து கப்பலில் மலிவான டின் பீர் கொண்டுவருவதா என்ற பேச்சு மே மாதமே தொடங்கிவிட்டது. கப்பல் கட்சிக்கு மாப்பிள்ளையின் மாமா ஊர்போதான் தலைவர். வேன் அவருடையது.

நான் வாயால் வாதாடவில்லை. சரக்குச் சீட்டை எழுதி அவர் கையில் கொடுத்தேன். முளைகட்டி உலர்த்திய பார்லி மால்ட் இருபத்தைந்து கிலோ மூட்டை, ஐம்பது யூரோ. கறுக்க வறுத்த ரை தானிய மால்ட் மூன்று கிலோ, ஒன்பது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் இரண்டு பொட்டலம், ஒன்று. வடிகட்டவும் வாசனைக்கும் வேண்டிய ஜூனிப்பர் செடிக் கிளை எங்கள் காட்டில் இருக்கிறது. விறகும் கிணற்றுத் தண்ணீரும் நம்முடையவை. ஆக அறுபது யூரோ, எண்பது லிட்டர்.

"எண்பதா? கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க சம்பந்தியம்மா. ஒரு லிட்டர் கொறைஞ்சாலும் வியாழக்கிழம வேன் கப்பல்ல ஏறிரும்."

"ஏறட்டும். கடல் காத்து வேனுக்கு நல்லதுதான்."

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை, நீராவிக் குளியல் அறையான சவுனாவில் ஊறல் போட்டேன். விடிந்ததிலிருந்து சிறிது சிறிதாகச் சூடேற்றி, மதியம் மரத்தொட்டியில் ஜூனிப்பர் கிளைகளைப் பரப்பி, மேலே ஊறலைக் கொட்டி வடியவிட்டேன். முதலில் இறங்கிய சாறு விரலோடு விரல் ஒட்டும் அளவுக்குக் கெட்டி. ஐம்பது லிட்டர் வரை அப்படியே வந்தது. அதற்குப் பிறகு நாக்கில் வைத்தால் வெறும் கஞ்சித்தண்ணீர்.

தப்பு என்னுடையதுதான். எண்பது என்பது புல் அறுக்கிற நாட்களில் தாகத்துக்குக் காய்ச்சும் லேசான பீரின் அளவு. அதே மால்ட்டில் கல்யாணத்துக்கான கெட்டிச் சரக்கு ஐம்பதுக்கு மேல் வராது. நோட்டில் பக்கம் மாறிப் பார்த்திருக்கிறேன். வாளியை மாற்றி வைத்தேன். மெல்லிய சாறு தனியாக வடிந்தது.

சரியாக அப்போதுதான் ஊர்போ வந்து நின்றார்.

"எவ்வளவு?"

"அம்பது."

"அப்ப எண்பது?"

"தப்பா எழுதிட்டேன்."

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் இரக்கமுள்ளவர். "பத்துக் கிலோ சக்கர வாங்கிப் போடுங்க. பத்து யூரோகூட ஆகாது. அந்தத் தண்ணியையும் இதுலயே ஊத்துங்க. எண்பது ஆச்சு, போதையும் ஆச்சு. யாருக்குத் தெரியப்போவுது?"

"மறுநாள் காலையில உங்க தலைக்குத் தெரியும். சக்கரையெல்லாம் காப்பிக்கு."

"அப்ப நான் வண்டிய எடுக்கறேன்."

நான் உள்ளே போய் ஹாரிக்காவை எடுத்து வந்தேன். இரண்டு கைப்பிடி வைத்த மரக்குவளை. இரண்டு லிட்டர் பிடிக்கும்.

"விருந்தாளி எழுபது பேரு. மேசை ஒம்பது. மேசைக்கு ஒரு குவளை. ரெண்டு சுத்துக்கு முப்பத்தாறு லிட்டர். பதினாலு மிச்சம். நீங்க ஆளுக்கு எத்தன டின்னுன்னு கணக்குப் போடறீங்க. இது கை மாறிப் போற குவள. எட்டுப் பேரு பாத்துட்டிருக்க எவன் மடமடன்னு குடிப்பான்?"

"எங்காளுங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

வாசலில் நின்ற சைலா இருவரையும் பார்த்தாள். "மாமா, நீங்க போய்ட்டு வாங்க. பெட்டியெல்லாம் வேன்லயே இருக்கட்டும். அம்மா காய்ச்சினது தீந்துபோனா எறக்கலாம். தீரலேன்னா எறக்கக் கூடாது."

வியாழக்கிழமை அவர் போய் இருபது பெட்டி கொண்டுவந்தார். கப்பல் கட்டணத்தையும் பெட்ரோலையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

கல்யாணத்தன்று வேன் விருந்துக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே, பின்கதவு திறந்தபடி நின்றது. மூன்று மணிக்கு முதல் சுற்று போனது. கலங்கலாக, வாழைப்பழ வாசனையோடு, நான் நினைத்த மாதிரியே அமைந்திருந்தது. ஐந்து மணிக்கு இரண்டாவது சுற்று. ஆறரைக்கு ஊர்போவின் மேசையிலிருந்துதான் முதலில் குரல் வந்தது: "சம்பந்தியம்மா, குவள!"

மூன்றாவது சுற்றுக்கு ஒன்பது குவளையும் நிரம்ப ஊற்றினால் பதினெட்டு லிட்டர் வேண்டும். என்னிடம் இருந்தது பதினாலு. முழுசாகத்தான் ஊற்றினேன், அவர் மேசையிலிருந்தே தொடங்கி. மூன்று மேசை முடிந்து நான்காவதுக்குப் போனபோது ஒரு கிழவர் குவளையின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். "போதும்மா. எந்திரிச்சு ஆடணும்ல." அடுத்த மேசையில் பாதி கேட்டார்கள். அதற்கடுத்து நாற்காலிகளே காலி. எல்லோரும் ஆடப் போயிருந்தார்கள்.

ஊர்போ ஆடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தன் முழங்காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"காலு இருக்குது. ஆனா என் பேச்சக் கேக்கல."

"பெட்டிய எறக்கச் சொல்லட்டுமா?"

"கிண்டலா?" என்றார். "மிச்சம் எவ்வளவு?"

"ஏழு லிட்டர்."

"ஒரு பால் கேன் கெடைக்குமா?"

ஏழையும் ஊற்றிக் கொடுத்தேன். அவர் மனைவி வேனை ஓட்ட, இவர் பின்னால் இருபது பெட்டிகளுக்கு நடுவே கேனை மடியில் வைத்து உட்கார்ந்தார். கதவைச் சாத்துமுன் சொன்னேன்: "மூடிய இறுக்கிராதீங்க. இன்னும் நொதிச்சிட்டுதான் இருக்கு. வழியெல்லாம் பொங்கும்."