கவிழ்த்த தட்டு

நிதி அமைச்சர் எழுந்து நின்று ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தபோது, ஸ்டூடியோவில் நானும் ஒரு மடக்குக் குடித்துக்கொண்டேன். இனி இரண்டு மணி நேரம் என் கைகளுக்கு ஓய்வில்லை. சபையில் அவர் வாசிக்கும் பட்ஜெட்டை நான் இங்கே காதில் கேட்டுச் சைகை மொழியில் சொல்ல வேண்டும். டிவியின் வலது மூலையில், ஒரு சின்னப் பெட்டிக்குள் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் கைகளை அசைத்துக்கொண்டிருப்பாளே, அவள்தான் நான். பதினெட்டு வருஷமாக அந்தப் பெட்டிக்குள் இருக்கிறேன். காய்கறிக் கடையில்கூட யாரும் என்னை அடையாளம் கண்டதில்லை.

வழக்கமாக இதற்கு இரண்டு பேர். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறிக்கொள்வோம். அதற்கு மேல் போனால் மூளை சொல்வதைக் கேட்காமல் கை தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும். பேச்சின் பிரதியும் காலையிலேயே வந்துவிடும். இந்த முறை இரண்டாவது ஆள் இல்லை, செலவைக் குறைக்கிறார்களாம். பிரதியும் இல்லை. புது அரசாங்கம் கடைசி நிமிஷம்வரை அதை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தது.

"ஒருத்தரே சமாளிச்சிடுவீங்கல்ல மேடம்?" என்றார் தயாரிப்பாளர். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

இந்த மொழி எனக்கு அண்ணனிடமிருந்து வந்தது. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் காது கேளாதோர் உறைவிடப் பள்ளிக்குப் போய் முறையான சைகைகளைக் கற்றுக்கொண்டு வரும்வரை, வீட்டில் எங்கள் இருவருக்கும் மட்டும் சில சைகைகள் இருந்தன. என் பெயர் ஓட்டைப்பல். முன்பல்லை ஒரு விரலால் தட்டினால் நான். பல் முளைத்து நாற்பது வருஷமாகிறது, பெயர் மட்டும் போகவில்லை. எங்கள் நாய் செத்த அன்று அப்பா எதுவும் பேசாமல் அதன் தட்டைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து ஒரு கையைக் குழித்து இன்னொரு கையின் மேல் கவிழ்த்தால், போனது போனதுதான், இனி இல்லை என்று அர்த்தம். அப்பா கடையை மூடியபோது அண்ணன் அப்படிக் காட்டினான். அம்மா போனபோது மருத்துவமனை வராந்தாவில் நான் அவனுக்குக் காட்டினேன். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

படித்த பள்ளியிலேயே அண்ணன் தச்சு வேலை ஆசிரியராகி, அங்கேயே ஓர் அறையில் தங்கிவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும்தான். என்னோடு வந்து இரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். கடைசியாகக் கேட்டபோது, "உன் வீட்டுல பேச ரெண்டே கை. இங்க எண்பது கை இருக்கு" என்று சிரித்துக்கொண்டே காட்டினான். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு கை, சரிதான். ஆனால் வீட்டுக்கு வந்தால் என் கைகளுக்குப் பாத்திரம் துலக்குவதைத் தவிர வேலையில்லை என்பது அவனுக்குத் தெரியுமா? ரோஷத்தில் ஆறு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம் பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் நின்றன. போகாமல் இருப்பதற்கு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது.

நேற்று அவனே செய்தி அனுப்பியிருந்தான். 'நாளைக்குக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து உன்னைப் பார்ப்போம். என் தங்கச்சி என்று சொல்லிவைத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் பரவாயில்லை, ஜெனரேட்டருக்கு டீசல் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறோம்.'

கஜானா காலி என்றுதான் அமைச்சர் ஆரம்பித்தார். கடினமான முடிவுகள் என்று பதினோரு தடவை சொன்னார், பதினோரு தடவையும் நான் முகத்தைச் சுருக்கினேன். முன்னுரிமை மூன்றே மூன்றுக்குத்தான், உணவு, மருந்து, எரிபொருள், மற்றவை காத்திருக்க வேண்டும் என்றார். அதில் எதை வேண்டாம் என்று சொல்வது? என் மாடிவீட்டுக்காரர் இன்சுலினுக்காக ஒன்பது கடை ஏறி இறங்கியதை நானே பார்த்தேன். மனிதர் நியாயமாகத்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டே கையை ஓட்டினேன்.

ஐம்பதாவது நிமிஷத்தில், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "ஐம்பது மாணவர்களுக்குக் குறைவாக உள்ள சிறப்பு உறைவிடப் பள்ளிகள் இந்த ஆண்டோடு மூடப்படும். அம்மாணவர்கள் அருகிலுள்ள பொதுப் பள்ளிகளில் சேர்க்கப்படுவார்கள்" என்று வாசித்துவிட்டுத் தாளைப் புரட்டினார்.

ஐம்பதுக்குக் குறைவு என்பது வரை என் கைகள் ஒழுங்காகத்தான் போயின. பள்ளி என்றும் காட்டிவிட்டேன். அடுத்து வரவேண்டிய சைகை வரவில்லை. வலது கை குழிந்து, இடது கையின் மேல் கவிழ்ந்து, அங்கேயே நின்றது. அமைச்சர் அதற்குள் ஏற்றுமதிக்குப் போயிருந்தார். அடுத்த வாக்கியத்தை விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். திரையின் அடியில் அப்போது டாலர் விலை ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் தயாரிப்பாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

"நடுவுல ஒரு எடத்துல தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"விடுங்க மேடம், யாருக்குத் தெரியப்போகுது?"

ஒரே ஒருவனுக்குத் தெரியும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படியிறங்கும்போது ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி அவன் என்னிடம்தான் வந்தாக வேண்டும். இரண்டாவது கட்டிலை ஜன்னலோரம் போடலாமா என்றுகூட யோசித்துவிட்டேன். அந்த யோசனை முடிவதற்குள் போன் அதிர்ந்தது, வீடியோ அழைப்பு. படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றேன்.

அண்ணனும் கூடத்துக்கு வெளியே வந்து போனை எதன் மேலோ நிறுத்தியிருந்தான். இளைத்திருந்தான். வணக்கம்கூடச் சொல்லாமல் கையைக் கவிழ்த்து, புருவத்தை உயர்த்திக் கேட்டான். நான் தலையாட்டினேன்.

"எங்களையா?"

"அம்பதுக்குக் கீழ எல்லாத்தையும். நீங்க நாப்பதுதானே."

அவன் கூடத்தின் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"பசங்களுக்கு அது புரியல. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க, என்ன சொன்னாங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"உனக்குக் கை வலி, தடுமாறிட்டன்னு சொன்னேன்."

நாட்டுக்கே சொல்ல வேண்டியதை அவன் ஒருவன் தலையில் மட்டும் இறக்கிவிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து, அத்தனை பேரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, இந்த ஒரு மணி நேரம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? கட்டிலைப் பற்றி யோசித்த என்னை எனக்கே பிடிக்கவில்லை.

"என்கூட வந்துடு" என்று காட்ட எடுத்த கையை இறக்கினேன். "நானே சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

அவன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளைகள் பக்கம் திருப்பினான்.

கூடம் நிறையப் பிள்ளைகள். என்னைக் கண்டதும் எல்லாக் கைகளும் மேலே போய், விரல்களை விரித்துச் சுழற்றின. காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான். சத்தமே இல்லாமல் எண்பது கைகள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், தன் முன்பல்லை விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். அந்தப் பெயரை அவன் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

கறுப்புச் சட்டையின் கையைச் சரிசெய்துகொண்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றேன். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று கண்டதும் கைகள் ஒவ்வொன்றாக இறங்கி மடியில் அடங்கின. அந்தச் சின்னப் பெண்ணின் விரல் மட்டும் இன்னும் பல்லின் மேலேயே இருந்தது.