நாலாவது கயிறு

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால், சோம்பலில்தான். எங்கள் ஹாம் ரேடியோ கிளப்பின் தலைவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், ஆண்டு மலருக்கு நாலு வரி கேட்டார். "பெருசா ஒண்ணும் வேணாம் மேடம். மைதானத்துக்குப் போனோம், கூடாரம் போட்டோம், கம்பத்தைத் தூக்கினோம், அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒரு வரி. அவ்வளவுதான்." மூன்று வரி எழுதிவிட்டேன். நாலாவது வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

நான் கிளப்பின் செயலாளர். வார நாட்களில் ஒரு லாரி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வருடத்துக்கு ஒரு நாள் நாங்கள் ரேடியோப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்குப் போய், ஆன்டெனாக் கம்பம் நிறுத்தி, பொழுது சாயும்வரை எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்களோடு ரேடியோவில் பேசுவோம். அதற்கு ஆள் சேர்ப்பது என் தலையில் விழுந்த வேலை. (விழுந்ததா, நானே ஏந்திக்கொண்டேனா என்று என் கணவரிடம் கேட்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "விடிந்தும் விடியாத மைதானத்தில் பனி மெல்ல"

பனியே இல்லை. சும்மா அழகுக்குச் சேர்த்தேன்.

இரண்டாம் தொடக்கம்: "மனிதர்கள் ஏன் ஒருவரையொருவர் அழைக்கிறார்கள் என்று யோசித்தால்"

இதைப் படிப்பவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். நானே போய்விட்டேன்.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். "ஞாயிறு காலை கம்பம் தூக்க ஆள் வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?" மதியத்துக்குள் இருபது கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. கட்டைவிரல் என்றால் வருகிறேன் என்றா, பார்த்தேன் என்றா, நல்லா இருங்க என்றா? ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் "பாத்துக்கலாம் மேடம்" என்றார்கள்.*

* "யாராவது கேட்கிறீர்களா, யாராவது கேட்கிறீர்களா" என்று காற்றில் கூவுவதுதான் எங்கள் பொழுதுபோக்கே. கடல் தாண்டி ஒருவர் பதில் சொன்னால் துள்ளிக் குதிப்போம். பக்கத்துத் தெருவிலிருந்து செயலாளர் கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைப்போம்.

4

(மூன்றாம் பகுதியில் என் அசதியைப் பற்றி எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே தூக்கம் வந்தது. எடுத்துவிட்டேன்.)

இப்போது தையல்காரர் வர வேண்டும். இவர் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். நீங்கள் உருக வேண்டுமே என்று முதல் வரைவில் இவருடைய மனைவியைச் சாகடித்தேன். அந்த அம்மா குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்துவந்தேன். ஒட்டுப்போடாமல் சொன்னால் இவ்வளவுதான்: மூன்றாவது மாடியில் வாடகை வீடு. மொட்டைமாடியில் அவர் கட்டிய ஆன்டெனாவால் தன் டிவியில் கோடு விழுகிறது என்று வீட்டுக்காரர் அதை அறுத்துப் போட்டுவிட்டார். அதிலிருந்து அவருடைய ரேடியோ, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் துணி மூடிக் கிடக்கிறது. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அவரால் பேச முடியும். போன வருடம் ஆளில்லாமல் அதுவும் நடக்கவில்லை.

அந்த வாரம் தினமும் போன் செய்தார்.

"அக்கா, ஆள் சேந்தாச்சா?"

"இருபது பேர் விரல் காட்டியிருக்காங்க."

"அது கெடக்கட்டும். வர்றது எத்தனை பேரு?"

"நீங்க, தலைவர், நான். காலேஜ் வாத்தியார் கண்டிப்பா வர்றேன்னு சத்தியம் பண்ணியிருக்கார்."

"அப்ப நாலு. போதும்க்கா, நிறுத்திடலாம்."

தலைவர் வேறொன்று சொல்லியிருந்தார். இந்த வருடமும் கம்பம் நிற்கவில்லையென்றால் கிளப்பை இழுத்து மூடிவிடலாம். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். அப்பாடா, இனி ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்றுதான் இருந்தது. தையல்காரரிடம் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

5

மைதானம். இரண்டு மாடி உயர இரும்புக் குழாய் தரையில் படுத்திருக்கிறது. ஒருவர் அதன் அடியில் புகுந்து, தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். பக்கவாட்டில் சாயாமல் இருக்க இடப்பக்கக் கயிற்றில் ஒருவர், வலப்பக்கக் கயிற்றில் ஒருவர்; பின்பக்கக் கயிறு முளையில் கட்டியிருக்கும். பாதி எழுந்தபிறகு தூக்குகிறவருக்குப் பலம் கிடைக்காது. எதிரே நாலாவது ஆள் நின்று கயிற்றை இழுத்தால்தான் கம்பம் நிமிரும்.

வாத்தியாருக்குப் போன் போட்டேன். "வந்துட்டே இருக்கேன் மேடம், பாதி தூரம் வந்தாச்சு" என்றார். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"அவர் வர்றதுக்குள்ள பாதி தூக்கி வச்சிருவோம்" என்று தையல்காரர் குழாய்க்கு அடியில் போனார். தலைவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். பாதி எழுந்தது. வாத்தியார் வரவில்லை.

"இறக்கிடலாம்" என்றார் தலைவர்.

"கொஞ்சம் பொறுங்க சார்."

"கை நடுங்குது பாருங்க உங்களுக்கு."

"நடுங்கட்டும் சார். யாராவது வருவாங்க."

கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. நானோ தலைவரோ விட்டால் கம்பம் சாய்ந்து அவரையும் இழுத்துக்கொண்டு விழும். எதிரே நாலாவது கயிறு புல்லில் கிடந்தது. குழாயில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்த மனிதரைப் பார்த்தபோது எனக்கு அழுகை முட்டியது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் நாசமாய்ப் போகட்டும், இந்தக் கம்பம் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

6

முடிவுகள்.

(அ) என்னை இறக்கிவிட்டுக் காரிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்த என் கணவர் விழித்து, ஓடிவந்து கயிற்றைப் பிடிக்கிறார். (படித்துக் காட்டினேன். "நானா? ஓடியா?" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

(ஆ) வாத்தியார் மூச்சிரைக்க வந்து

(யார் நம்புவார்கள்?)

(இ) மெல்ல இறக்குகிறோம். தையல்காரர் கயிறுகளைச் சுருட்டுகிறார், சிக்கு விழாமல், அடுத்த வருடத்துக்கு வேண்டுமே என்பதுபோல

இதற்குமேல் எழுத முடியவில்லை.

7

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. நின்றது என்று எழுதினால் மலரைப் படித்துவிட்டு இருபது கட்டைவிரல்கள் வரும். நிற்கவில்லை என்று எழுதினால் அழுகிற முகம் ஒன்று வரும், பின்னாலேயே அதே கட்டைவிரல்கள். எப்படி எழுதினாலும் கயிறு புல்லில்தான் கிடக்கும்.

அதனால் கம்பத்தைப் பாதியிலேயே விட்டிருக்கிறேன். அவர் அடியில் நிற்கிறார். நானும் தலைவரும் கையை எடுக்க முடியாது. இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்த நீங்கள்தான் மைதானத்தில் மிச்சமிருக்கும் ஆள். கயிறு உங்கள் காலடியில் இருக்கிறது.

முடியவில்லையென்றால் போய்விடுங்கள். தப்பாக நினைக்க மாட்டேன், அசதி எனக்கும் தெரியும். கட்டைவிரலை மட்டும் காட்டாதீர்கள்.