ஒரு ரிங்

பாதி நறுக்கிய வெங்காயத்தைப் பலகையிலேயே போட்டுவிட்டு, எங்கள் வீட்டில் சமைக்கும் சொர்ணக்கா வெளியே ஓடியது அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. அடுப்பைக்கூட அணைக்கவில்லை. நான் உள்ளறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, கிண்டி ஆபீசில் இருந்த என் மேனேஜர் விஜயராகவன் சாரிடம், எங்கள் நெட்வொர்க்கில் மூன்று நாளில் எவ்வளவு கரண்ட் மிச்சம் பிடித்திருக்கிறோம் என்று பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் எழுந்து ஓடினேன். பருப்பு, சட்டியோடு சட்டியாகக் கருகியிருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவார்? சாயங்காலம் என் கணவன் ராம்குமார் சட்டியைப் பார்த்துவிட்டு, "வேற ஆளைப் பாத்துடு அனு. ஒருநாள் வீடே பத்திக்கப் போகுது" என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மறுநாள் காலையில் சொல்லிவிடுவதாக முடிவு.

மறுநாள் நான் எழுந்து வருவதற்குள் சொர்ணக்கா அந்தச் சட்டியைத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தார். "அக்கா, இனிமே..." என்று ஆரம்பித்தேன்.

"நீ இன்னா சொல்லப் போறேன்னு தெரியும்மா. தப்பு என்னோடதுதான். ஒரு நிமிசம் நான் சொல்றத கேட்டுக்க, அப்பறம் நீ நிறுத்திக்க."

போன வருஷம் அவர் புருஷன் பஞ்சாட்சரத்துக்குப் பக்கவாதம் வந்ததும், அதில் பேச்சு போனதும் எனக்குத் தெரியும். பகலில் அவர் வீட்டில் தனியாக இருப்பதும் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஏற்பாடுதான் தெரியாது.

"பேச்சு வராது, ஆனா போன்ல ஒரு பட்டன அமுக்க வரும். மணிக்கு ஒரு தபா ரிங் குட்த்துட்டு கட் பண்ணுவாரு. நல்லா கீறேன்னு அர்த்தம். அது வந்தாதான் எனுக்கு இங்க வேலை ஓடும். திங்கக்கெயமலேந்து பதினோரு மணிக்கு மேல ரிங்கே வர்லமா. எனுக்கு கையும் ஓடல, காலும் ஓடல. வூட்டாண்ட ஓடிப்போய்ப் பாத்தா, மனுசன் அமுக்கி அமுக்கி, போவ மாட்டேங்குதேன்னு அயுதுகினு கீறாரு. மூணு மணி ஆனா அதுவா சரியாய்டுது. இத யாராண்ட போய் சொல்றது நானு?"

திங்கட்கிழமையிலிருந்து. பதினொன்று முதல் மூன்று. அந்த இரண்டு எண்களும் நான் எழுதிய கணக்கில் வந்தவை.

தெருவிளக்குக் கம்பங்களில் சின்னச் சின்னதாக செல்போன் சிக்னல் பெட்டிகள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் பேசாத நேரத்திலும் அவை கரண்ட் தின்றுகொண்டே இருக்கும். எந்தப் பெட்டிக்கு எப்போது வேலையில்லை என்று நெட்வொர்க்கே கவனித்துக் கற்றுக்கொண்டு அதைத் தூங்கப் போடும், அந்த நேரத்தில் தூரத்துப் பெரிய டவர் அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். இதுதான் எங்கள் திட்டம். சோதனைக்கு அடையாறு பகுதியில் நாற்பது பெட்டிகள். சொர்ணக்கா வீடு இருக்கும் ஆற்றோரக் குடியிருப்பின் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பகலில் பேசிய நிமிடங்கள் பூஜ்யம். இன்டர்நெட்டும் கிட்டத்தட்ட பூஜ்யம். பேசிய நிமிடத்தைத்தான் நான் எண்ணச் சொல்லியிருந்தேன். எடுக்காத அழைப்புக்கு என் அட்டவணையில் இடமே இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் நாலு வருஷம் அம்மாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தே காலத்தை ஓட்டியவள், ஒரு ரிங்குக்கும் அர்த்தம் உண்டு என்பதை எப்படித்தான் மறந்தேனோ! வெட்கமாக இருந்தது.

பதினொன்று அடித்தது, ரிங் வரவில்லை. "வண்டில ஏறுங்கக்கா" என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. ரோட்டில் என் போனில் இரண்டு கோடு காட்டியது. தகரக் கூரை வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றுகூட இல்லை. ரோட்டில் நின்று அளந்துவிட்டு, டவர் போதும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறோம். பஞ்சாட்சரம் கட்டிலில் சாய்ந்து பட்டன் போனை அமுக்கிக்கொண்டிருந்தார். சொர்ணக்காவைப் பார்த்ததும் போனைத் தூக்கிக் காட்டி, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். கண் சிவந்திருந்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

ரோட்டுக்கு வந்து, ஸ்கூட்டர் சீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு விஜயராகவன் சாரைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, கம்பெனிப் பெரியவங்கல்லாம் வராங்கம்மா. ஒரு பெட்டிதானே? அதை மட்டும் எழுப்பிவிட்டுட்டு சும்மா இரு."

"ஒரு பெட்டி இல்ல சார். நாற்பதுலயும் நான் மிஸ்டு காலை எண்ணவே இல்ல. மொத்தக் கணக்கும் தப்பு. திரும்பப் போட்டா மிச்சம் பாதியாக் குறையும்."

வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "நல்லவேளை, ஊர் முழுக்கப் போடறதுக்கு முன்னாடி சொன்னே. எல்லாத்தையும் எழுப்பு. எண்ணிட்டு அப்புறம் தூங்கப் போடலாம்."

எழுப்பினேன். சில நிமிடம் ஆயிற்று. உள்ளே, சொர்ணக்காவின் இடுப்பில் செருகியிருந்த போன் ஒரு ரிங் அடித்து நின்றது. "வந்துச்சுமா!" என்று அவர் கத்தியது ரோடு வரை கேட்டது. வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடிய அந்த மகராசிக்கு நான் என்ன கைம்மாறு செய்ய? அவர் பருப்பைக் கருகவிட்டிருக்காவிட்டால், என் தப்பு ஊர் முழுக்க எத்தனை வீட்டு ரிங்குகளை விழுங்கியிருக்கும்!

கிளம்பும்போது சொர்ணக்கா என் நம்பரைக் கேட்டார். "எனுக்கு இல்லமா, அவரு போன்ல போட்டுக் குடுக்கச் சொல்லி கைய காட்றாரு."

வெள்ளிக்கிழமை கிண்டியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் பாதியாகக் குறைந்ததை நானே எழுந்து நின்று சொன்னேன். பதினோரு மணிக்கு மேஜைமேல் என் போன் ஒரே ஒரு ரிங் அடித்து நின்றது.

"திரும்பக் கூப்பிடும்மா, ஏதாவது அவசரமா இருக்கப் போகுது" என்றார் விஜயராகவன் சார்.

"பேசி முடிச்சாச்சு சார்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினேன். மிஸ்டு காலுக்கென்று நான் புதிதாகச் சேர்த்திருந்த கட்டத்தில், ஆற்றோரப் பெட்டிக்கு நேராக, எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது.