அப்பா தைத்த புத்தகம்

இளவரசி கேட் கம்பியில் செருகிவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகையை நேற்றிலிருந்து யாரும் தொடவில்லை. வியாழக்கிழமை திருவாண்டார்கோயிலில் அவள் மகளுக்கு முகூர்த்தம். "தாய்வூட்டுச் சீருன்னு ஒரே ஒரு தட்டு கொண்டாந்து வைங்கப்பா. இல்லன்னா மாப்ள வூட்டுக்காரங்க எதிர எம்பொண்ணு தலை குனிஞ்சு நிக்கணும்" என்று கேட்டுக்கு வெளியே நின்று கெஞ்சினாள். அப்பா வைத்திலிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா மஞ்சுளா உள்ளே போய்விட்டாள்.

மஞ்சுளா கணவன் இறந்த பிறகு பிறந்த ஊரான உறுவையாற்றுக்கே வந்துவிட்டவள். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதிலிருந்து அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பதுவரை எல்லாம் அவள் தலையில்தான். கண் மங்கிப்போன அவருக்கு மத்தியானத்தில் ஏதாவது படித்தும் காட்டுவாள். இந்த வாரம் 'கப்பல் திரும்பிய நாள்'.

அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வார இதழில் தொடராக வந்த கதை அது. வைத்திலிங்கம் வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டுக் கொடுத்தார். சைகோனில் போர் மூண்டு ஒரு புதுச்சேரிக் குடும்பம் சிதறிப்போகிறது. கதிர்வேல் ஒரு பக்கம், மனைவி தையல்நாயகியும் இரண்டு பையன்களும் இன்னொரு பக்கம். தையல்நாயகி காத்திருந்து காத்திருந்து கடைசியில் கணவனோடு ஊர் திரும்புவாள். நடுவில் நான்கு வாரம் மட்டும் இருக்காது. "கடைக்காரன் புக்கு போடலம்மா" என்றார் அப்பா. கடைசிப் படத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கதிர்வேலின் தோளில் ஒரு சின்னப் பெண் இருப்பாள். இது யாரென்று மஞ்சுளா கேட்டதற்கு, "சண்டையில அநாதையா நின்ன கொழந்தை, எடுத்து வளக்கறாங்க" என்றார். அந்தக் குழந்தைக்காகவே மஞ்சுளா கதையைத் திரும்பத் திரும்பப் படித்து அழுதாள்.

இப்போதுதான் அதை முழுசாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். விட்டுப்போன வாரங்களில் என்ன நடந்ததென்று தெரிந்துகொள்ளும் ஆசையில் வாங்கினாள். இன்று பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் தொடங்கியதுமே வைத்திலிங்கம் நெளிந்தார்.

"இது வாணாம்மா. தாண்டிப் போ."

"ஏம்ப்பா? நம்ம புக்குல இல்லாதது இதானே?"

"நல்லாருக்காதும்மா."

கடைக்காரன் போடாத இதழில் இருந்தது நல்லாயிருக்காது என்று இவருக்கு எப்படித் தெரியும்? மஞ்சுளா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படித்தாள். உரக்கவே படித்தாள்.

தையல்நாயகி காத்திருக்கவில்லை. கணவனைப் பற்றிச் சேதி எதுவும் இல்லாமல், பிள்ளைகள் பட்டினி கிடந்த ஊரில், அரிசி மண்டிக் கணக்கப்பிள்ளை ஒருவனோடு வாழ்கிறாள். ஒரு பெண் பிறக்கிறது. குண்டு விழுந்து அவன் சாகிறான். தேடி வந்த கதிர்வேலைப் பார்த்ததும் குழந்தையை முந்தானைக்குள் மறைக்கிறாள். கதிர்வேல் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்கிறான்.

மஞ்சுளாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இளவரசியின் புருஷன் குவைத்துக்குப் போனவன் போனவன்தான். வருஷக்கணக்கில் ஒரு போன் கூட இல்லை. சேதராப்பட்டு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இளவரசி அங்கே ஒருவனோடு வாழ்ந்தாள். அவன் விபத்தில் செத்ததும், இப்போது கல்யாணமாகப் போகும் இந்தப் பெண்ணைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இதே வாசலில் வந்து நின்றாள். வைத்திலிங்கம் கேட்டைத் திறக்கவில்லை. "கதையில வர்ற தையல்நாயகி எத்தினி வருசம் காத்துக்கினு கெடந்தா! உனக்கு மட்டும் முடியலையாடி?" என்று தெருவே கேட்கக் கத்தினார். பக்கத்தில் நின்ற மஞ்சுளா ஆமாம் என்று தலையாட்டினாள். அவளும் அந்தக் கதையைப் படித்தவளாயிற்றே!

மஞ்சுளா புத்தகத்தைக் கட்டிலில் விட்டெறிந்தாள்.

"அந்த நாலு வாரத்த நீதான கிழிச்சுப் போட்ட?" நீங்க, வாங்க என்றே அவரிடம் பேசிப் பழகிய வாய் அது.

"பொட்டப்புள்ளைங்க ரெண்டு இருக்கற வூடு. இந்தக் கண்றாவிய உங்க கையில குடுக்கச் சொல்றியா?"

"சரி, கிழிச்ச. இளவரசி வந்து நின்னப்ப தையல்நாயகியப் பாருன்னு எந்த வாயால சொன்ன? அவ காத்துக்கினு இல்லன்னு இந்த வூட்ல தெரிஞ்ச ஒரே ஆளு நீதான?"

பொய் என்று தெரிந்தே ஒரு அளவுகோலைச் செய்து, பெற்ற பெண்ணை அதில் அளந்து வெளியே தள்ளிய மனுஷன். அதற்குச் சாட்சியாக நின்றதை நினைக்க மஞ்சுளாவுக்குத் தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

"ஊரு இன்னா சொல்லும் மஞ்சு?" என்றார் மெதுவாக.

"ஊரு கெடக்குது. பேத்தியத் தோள்ல தூக்க உனக்குக் குடுத்து வெக்கல. வாசல்லயாவது வந்து நில்லு."

வெளியே போய்ப் பத்திரிகையை உருவினாள். அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மஞ்சுளாவின் குரலைக் கேட்டதும் இளவரசி, "அக்கா? அப்பாவுக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினாள். அந்த வீட்டிலிருந்து தனக்குப் போன் வந்தால் அது சாவுச் சேதியாகத்தான் இருக்கும் என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள்.

"ஒண்ணும் ஆவல, உசுரோடதான் இருக்காரு" என்றாள் மஞ்சுளா, உள்ளே கேட்கும்படி. "சீரு நான் எடுக்கறேன். பொண்ணு இந்த வூட்லேருந்துதான் மண்டபத்துக்குக் கெளம்பணும். அவரு உசுரோட இருக்கும்போதே கூட்டிக்கினு வா."