யாரும் பேசாத அரை நிமிஷம்

'ஃபைனல்' என்று ஒரு வீடியோவுக்குப் பெயர் வைத்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று கத்திரிக்குத் தோன்றியது. அதற்குப் பக்கத்திலேயே 'ஃபைனல் புதுசு' இருந்தது. கீழே 'இதுதான் ஃபைனல்'. அதற்கும் கீழே 'சத்தியமா இதுதான்'. எல்லாம் ஒரே கல்யாணம், ஒரே மாப்பிள்ளை, ஒரே பாட்டு. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். உதைக்கலாம்தான். ஆனால் பெயர் வைத்த மகராசனும் அவனேதான் என்பதால், பெருமூச்சு விட்டுவிட்டு முதலாவதைத் திறந்தான்.

அந்த ஸ்டுடியோவில் அவனுக்குக் கத்திரி என்று பெயர் வந்து ரொம்ப வருஷமாகிறது. கேமராக்காரர்கள் நாள் முழுக்க எடுத்துக்கொண்டு வந்து கொட்டுவதை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு ஒரு படமாக ஆக்கித் தருகிறவன். கொட்டாவி விடுகிறவர்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற சம்பந்திகள், தட்டை இரண்டாம் முறை நிரப்பிக்கொள்கிற பெரிய மனிதர்கள் எல்லாரும் அவன் கையில்தான் காணாமல் போவார்கள். கொஞ்ச நாளாக வெட்டுகிற வேலை போய் அடுக்குகிற வேலை வந்து சேர்ந்திருந்தது. அலமாரியிலிருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று டக்கு டக்கென்று இருமிவிட்டு மண்டையைப் போட்டது. கூடவே ஒரு வீட்டுக் கல்யாணமும் போயிற்று. அந்த வீட்டார் வந்து பிடித்த பிடியில் முதலாளி மறுநாளே உத்தரவு போட்டுவிட்டார். எல்லாம் கிளவுடில் ஏற வேண்டும். பாட்டுப் போட்டு முடித்த படம் மட்டும். வெட்டாமல் கிடக்கிற பதிவெல்லாம் டெலீட். "குடிபோற வீட்டுக்குப் பழைய துடைப்பத்தையுமா தூக்கிட்டுப் போவோம்?" என்றார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். உட்கார்ந்து பார்க்கிறவனுக்கல்லவா தெரியும்? முதுகு விட்டுப்போயிற்று. கண்ணை மூடினால்கூட, கிளவுடில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுகிற நீலப் பட்டை இமைக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். அவள் இந்த ஸ்டுடியோவுக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. மாமா உயிரோடு இருந்தபோது வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடுவார். அவள் வெளியே ஸ்கூட்டர் பக்கத்திலேயே நிற்பாள்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"போன்ல கேக்குற விஷயமா இருந்தா போன்லயே கேட்டிருப்பேன்டா."

தண்ணீர் கொடுத்தான். பாதி குடித்துவிட்டுத் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள். இளைத்துப் போயிருந்தாள். மாமா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். வேறெப்படிப் போவார்? விடிந்தால் ஆரம்பித்து, படுத்து விளக்கணைத்த பிறகும் இருட்டிடம் பேசிக்கொண்டிருப்பார். பால்காரரிடம், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரரிடம், தவறுதலாக வந்த போன் அழைப்பிடம். வீட்டில் எல்லாருக்கும் அவர் ரேடியோ. 'யாராவது ரேடியோவை அணைங்களேன்' என்று அக்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்துவாள்.

"உங்க மாமா குரல் எனக்கு மறந்து போச்சுடா" என்றாள் அக்கா.

அவன் திரையில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினான்.

"முகம் இருக்கு. சுவத்துல மாட்டியிருக்கு, போன்ல இருக்கு, எங்க திரும்பினாலும் முகம்தான். குரலைக் காணோம். நேத்து சமையல்கட்டுல நிக்கிறேன். 'இவளே'ன்னு கூப்பிடுவாரே, அதை மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்குறேன். என் குரல்லயேதான் வருது. பயமாப் போச்சு எனக்கு. கைல பிடிச்சு வெச்சிருந்தது நழுவிப் போன மாதிரி இருந்துச்சு."

"வாய்ஸ் மெசேஜ் ஏதாவது..."

"அந்த மனுஷன் என்னைக்கு அனுப்பினாரு? அவருக்குப் பேசினா உடனே பதில் பேச எதிர்ல ஆள் வேணும். மெஷின்கிட்ட பேசுறதுக்கு நான் என்ன பைத்தியமாம்பாரு." மூக்கை உறிஞ்சினாள். "நீதான் கல்யாணம், புதுவீடு, பொறந்தநாள்னு எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கியே. ஒரே ஒரு தடவை 'இவளே'ன்னது கூடவா இருக்காது? அது ஒண்ணு போதும். எனக்குப் போன்ல போட்டுக் குடுத்துடு."

கத்திரிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதையாகிவிட்டது. கத்தவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. குடும்பத்து வீடியோக்களை ஸ்டுடியோவின் கிளவுட் கணக்கிலேயே வைத்துக்கொள்ள முதலாளி விட்டிருந்தார். இடம் பிடிக்காமல் வைத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார், அவ்வளவுதான். கத்திரியோ எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன். கழிக்கிற வேலை தொடங்கிய அன்றைக்கு முதலில் தன் வீட்டுச் சாமான்களைத்தான் கழித்தான். அப்போதுதானே அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் கை வைக்க முகம் இருக்கும்? அக்கா மகள் கல்யாணம், புதுவீடு, பேரன் பிறந்தநாள் என்று வெட்டாத பதிவு முழுவதையும் திறந்துகூடப் பார்க்காமல் டெலீட் செய்தான். திறந்திருக்க வேண்டும். ஆனால் திறந்தால் மாமா சிரித்துக்கொண்டு வந்து நிற்பார், அதைப் பார்க்க அவனுக்கு அப்போது தெம்பில்லை. கிளவுடில் குப்பைத் தொட்டியில் கிடப்பதும் இடத்தைப் பிடிக்கும் என்று தொட்டியையும் அன்றே காலி செய்தான். சுத்தமான வேலைக்காரன் என்று முதலாளி முதுகில் தட்டினார்.

"பாக்குறேன்க்கா" என்றான்.

மகள் கல்யாணப் படத்தைத் திறந்தான். அக்கா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று மாமா வருகிறவர்களை வரவேற்கிறார், இரண்டு கையையும் ஆட்டி என்னமோ சொல்கிறார், வந்தவர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார், மேலே வயலின். மணமேடைப் பக்கம் மைக்கைப் பிடுங்கிப் பேசுகிறார், கூட்டமே சிரிக்கிறது. வயலினோடு இப்போது புல்லாங்குழலும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரின் காதில் குனிந்து மாமா ரகசியம் சொல்கிறார். அதற்கும் வயலின்தான். புதுவீட்டுப் படம், பேரன் பிறந்தநாள் படம், எதைத் திறந்தாலும் மனுஷர் வாய் ஓயவில்லை. ஒரு சொல் வெளியே வரவில்லை.

"பேசிக்கிட்டுத்தானடா இருக்காரு?"

"ஆமாக்கா."

"எங்க?"

மாமாவே இதைக் கேட்டிருக்கிறார், இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. 'என்னை வெட்டிட்டியா மாப்ள?' என்பார். 'வெட்டலை மாமா, சத்தத்தை மட்டும்தான் எடுத்தேன்' என்பான் இவன். 'என்கிட்ட சத்தத்தை எடுத்துட்டா மிச்சம் என்னடா இருக்கு?' என்று அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார். அவர் பேச்சு எல்லா இடத்திலும் வந்து விழுந்து படத்தைக் கெடுக்கும். யார் அழுதாலும் பின்னாலிருந்து அவர் ஜோக் கேட்கும். தொழில் சுத்தம் என்று நினைத்துத்தான் செய்தான்.

"பாட்டுப் போட்டா பேச்சை எடுத்துடுவோம்க்கா. பேச்சோட இருந்த பதிவு தனியா இருந்துச்சு." மௌஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன மாசம் நான்தான் அழிச்சேன். இடம் வேணும்னு. பழைய துடைப்பத்தையெல்லாம் தூக்கிட்டுப் போக வேணாம்னு முதலாளி சொன்னாரு. திரும்ப எடுக்க முடியாது. நான் யோசிக்கலைக்கா, சத்தியமா யோசிக்கலை."

அக்கா கத்துவாள் என்று பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரையில் நின்றுபோயிருந்த மாமாவின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும்தானே ரேடியோவை அணை அணைன்னு கத்திக்கிட்டு இருந்தேன்" என்றாள் கடைசியில். "நீ அணைச்சுட்டே. உன்னைச் சொல்லி என்ன?" அப்புறம் அடக்கமாட்டாமல், "ஆனா ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்டா படுபாவி. துடைப்பமா அது?" என்று அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். வலிக்கிற அடிதான். அவன் வாங்கிக்கொண்டான்.

படத்தை மூடினான். பின்னால் ஃபோல்டர்களின் வரிசை தெரிந்தது. அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திரையின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது என்னடா? 'அக்கா வீட்டு முன்ரூம்'னு போட்டிருக்கு?"

"அது ஒண்ணுமில்லக்கா. வெறும் ரூம் சத்தம்."

"ரூமுக்கு என்ன சத்தம்?"

எடுக்கிற இடத்துக்கு அவனும் கூடப் போய், எல்லாரையும் வாயை மூடச் சொல்லி அரை நிமிஷம் அந்த இடத்தை மட்டும் பதிவு செய்துகொள்வான். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சும்மா இருக்கிற சத்தம் உண்டு. ஃபேன், ஜன்னல், தெரு எல்லாம் சேர்ந்தது. பேச்சை வெட்டின இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்காமல் அதை வைத்து ஒட்டுப்போட வேண்டும். மண்டபம், மொட்டைமாடி, மழை என்று இடத்தின் பெயர் போட்டு அவற்றை மட்டும் பத்திரமாகத் தனியாக அடுக்கி வைத்திருந்தான். எப்போது வேண்டுமானாலும் உதவும். யாருடைய பேச்சையும் காப்பாற்றாதவன் இதைப் பொன்போலக் காப்பாற்றியிருந்தான்.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் உங்க வீட்ல எடுத்தது. யாரும் பேச மாட்டாங்கக்கா. மாமாவையும் பேசக்கூடாதுன்னு சொல்லி உக்கார வெச்சிருந்தேன்."

"ஆமாம்" என்றாள் அக்கா. அவள் முகத்தில் என்னமோ அசைந்தது. "மூணு தடவை சிரிச்சுச் சிரிச்சுக் கெடுத்தாரு. நாலாவது தடவை வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்தாரு. நான் எதிர்ல சமையல்கட்டு வாசல்ல நின்னேன். அதைப் போடு."

"அதுல ஒண்ணும் இல்லக்கா."

"போடுன்னா போடேன்டா."

போட்டான். கேமராவை அன்று நாற்காலிமேல் வைத்திருந்திருக்கிறான். சுவரின் அடிப்பாகமும், ஜன்னல் வெளிச்சமும், ஓரத்தில் ஒரு காலும் தெரிந்தன. மாமாவின் கால். வாய்க்குப் பூட்டுப் போட்டதால் கட்டைவிரல் சும்மா இருக்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினான். ஃபேன் சுற்றியது. தூரத்தில் ஒரு வண்டி போயிற்று. அப்புறம் மெல்ல, ஃபேனுக்குக் கீழே, இன்னொன்று கேட்டது. உள்ளே போகும்போது சும்மாவும் வெளியே வரும்போது சின்னதாக விசிலடித்துக்கொண்டும் ஒரு மூச்சு.

"அந்த மூக்கு" என்றாள் அக்கா. தம்ளர் அவள் மடியிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

இத்தனை நாளும் அந்த விசிலை ஃபேன் சத்தம் என்றுதான் கத்திரி நினைத்துக்கொண்டிருந்தான். மூச்சு போயிற்று, வந்தது. ஒரு தடவை தொண்டைக்குள் சிரிப்பை விழுங்குகிற சத்தம். கட்டைவிரல் இன்னும் வேகமாக ஆடியது. பிறகு கடைசியில், உதடு பிரிகிற சின்ன ஓசை. பேசுவதற்காக நெஞ்சு நிறைய இழுத்த காற்று. அதோடு படம் நின்றது. அதற்கு மேல் பேச்சு வந்துவிட்டதால், வேண்டாதது என்று அந்த இடத்தில் சரியாக வெட்டியிருந்தான். அவன் வெட்டு எப்போதும் மயிரிழை பிசகாது. இன்று அந்தக் கையை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள் அக்கா.

போட்டான். முன்னறையில் அன்று உட்கார வைக்கப்பட்டவரைப் போலவே அவளும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவனும் அசையவில்லை. ஃபேன் சுற்றியது, வண்டி போயிற்று, மூச்சு விசிலடித்தது. ஓரத்தில் கட்டைவிரல் ஆடியது. அரை நிமிஷம் தீர்ந்துகொண்டு வந்தது. உதடு பிரிந்தது. அவர் காற்றை இழுத்தார்.

அக்கா சமையல்கட்டிலிருந்து திரும்புகிறவள் போலத் தலையைச் சட்டென்று திருப்பினாள்.

"என்னங்க?" என்றாள்.