ஐந்து மணி சிவப்புக் கண்கள்

ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன் பங்கஜத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கையில் ஒரு ஷேவிங் கண்ணாடி. அதைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, அதற்குள் தெரிந்த அவளுடைய கண்களைப் பார்த்தான்.

"செவப்பா கீதும்மா. பத்து நாள் கழிச்சு வா."

1971. மெட்ராஸ் ஐ ஊரையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பாண்டி பஜாரில் கறுப்புக் கண்ணாடிக்கு வரிசை. பஸ்ஸில் கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிக்கெட் கிழித்தார். நேருக்கு நேர் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் நம்பியது, வாட்ச்மேனும் நம்பினான். ஆனால் உள்ளே போகிறவர்களின் கண்ணைச் சோதிப்பதுதான் அவன் வேலை. அதற்கு அவன் கண்டுபிடித்த வழி அந்தக் கண்ணாடி.

வேறு நாளாயிருந்தால் பங்கஜம் சிரித்திருப்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன் புற்றுநோய் என்று அவளுக்கு இடது மார்பை எடுத்திருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டிருந்தார்கள். மயிலாப்பூரில் இருந்த அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் கோபால்ட் மெஷின் ஒன்றே ஒன்று. மொத்தம் இருபத்தைந்து நாள். இருபது முடிந்தது. முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார்: ஓரிரு நாள் தவறினால் சமாளிக்கலாம், அதற்கு மேல் விட்டால் மிச்சமிருக்கும் விஷம் தலை தூக்கிவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

வாட்ச்மேன் சொன்னது பத்து நாள்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நஸ்ருன்னிசா உட்கார்ந்திருந்தாள். ராயப்பேட்டைக்காரி, தையல் கடைக்குப் பொத்தான் காஜா எடுப்பவள். அவளுக்கும் அதே நோய், அதே மெஷின். தினமும் பங்கஜத்துக்கு அடுத்து அவள்தான். இன்று அவள் கண்ணும் தக்காளி. காலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்குப் போக மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"பதிமூணு பாக்கி அக்கா எனக்கு," என்றாள்.

வீட்டில் கணவர் சண்முகசுந்தரம் விஷயத்தைக் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். பத்து நாள்தானே, ஓடிப்போகும் என்றார். பிறகு சூப்பரின்டெண்ட் வீட்டுக்கு ஒரு காஞ்சிபுரம் பட்டு அனுப்பிப் பார்க்கட்டுமா என்றார். கடைசியில் கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினார். போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிட வேண்டியதுதானாம்.

பங்கஜம் அதை வாங்கி மேஜை மேல் வைத்தாள். திருட்டுத்தனமாக நுழைவது பெரிய காரியமில்லை. மெஷின் ஓட்டுகிற ராமானுஜம் நினைவுதான் தடுத்தது. மெஷினுக்கு ஆள் இரண்டு பேர். ஒருவர் ஏற்கெனவே கண் வீங்கிப் படுத்துவிட்டார். இவள் உடம்பைத் தொட்டுக் கிடத்துகிறவர் ராமானுஜம். அவருக்கும் வந்துவிட்டால் மெஷினுக்குப் பூட்டுதான். தினமும் வருகிற முப்பத்தெட்டு பேருக்கும் கரண்ட் கிடையாது.

"அப்ப என்னதான்ளா செய்யப் போற?" என்றார் சண்முகசுந்தரம்.

"நாளைக்குக் கடையிலேர்ந்து காடாத்துணி பத்து மீட்டர் வேணும். கத்திரி என்கிட்டயே இருக்கு."

மறுநாள் மாலை ஐந்து மணி. கடைசி நோயாளியும் போயாயிற்று. சூப்பரின்டெண்ட் அனந்தராமன் அறைக்கு வெளியே, வராந்தாவில், இரண்டு பெண்கள் நின்றார்கள். வாட்ச்மேன் அவர்களைத் தடுக்காமல் இல்லை. பங்கஜம் அவனை நேராகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிட்டான்.

அனந்தராமன் கெட்டவரில்லை. வாசற்படியைத் தாண்டாமல் பொறுமையாகவே விளக்கினார். ஆள் ஒருவர்தான் மிச்சம். விரிப்பு துவைக்கிற டோபிக்கும் கண் நோய்; ஒரே விரிப்பில் எல்லோரையும் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த விதி. இரண்டு பேருக்காக முப்பத்தெட்டு பேரைப் பணயம் வைக்க முடியாது.

"விரிப்பு எங்ககிட்ட இருக்கு சார். அவரு எங்களைத் தொட வேண்டாம். நாங்களே ஒருத்தரையொருத்தர் படுக்க வச்சுக்கறோம்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"எனக்கும் செவப்பு, அவளுக்கும் செவப்பு. அவ என்னைத் தொட்டா என்ன கெட்டுப்போவும்? அவரு கதவுக்கிட்ட நின்னு சொல்லட்டும், போதும்."

இது வைத்தியம், விளையாட்டு இல்லை என்றார் அனந்தராமன். அரை விரல் தள்ளிப் போனாலும் நுரையீரல் வெந்துவிடும். விதி விதிதான்.

பங்கஜம் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வாசற்படியில் வைத்தாள்.

"அப்ப எழுதிக் குடுங்க. பங்கஜத்துக்கு இருபதோட நிறுத்தினேன், நஸ்ருன்னிசாவுக்குப் பன்னெண்டோட நிறுத்தினேன். கீழ கையெழுத்து. அப்புறம் நாங்க வரமாட்டோம்."

தாள் காற்றில் படபடத்தது. அனந்தராமன் அதை எடுக்கவில்லை.

வராந்தாக் கோடியிலிருந்து ராமானுஜம் தொண்டையைக் கனைத்தார். "சார், ஆத்துல மூணு பேருக்கும் வந்தாச்சு. நான் மொட்டை மாடியில தனியா படுத்துண்டிருக்கேன். அதுக்கே பயப்படல. கதவுக்கிட்ட நின்னுண்டு சொல்றதுல நேக்கு ஒண்ணும் ஆகாது. கோடு சரியா விழலைன்னா நான் ஸ்விட்சைப் போடமாட்டேன்."

அனந்தராமன் தாளைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். இன்றைக்கு மட்டும் என்றார்.

பங்கஜம் காடாத்துணியில் கத்திரியால் ஒரு நறுக்கு நறுக்கி, சர்ரென்று கிழித்தாள். இருபது வருஷம் கடையில் துணி கிழித்த கை. விரிப்பு மேஜைக்கு அளவெடுத்தது போல் பொருந்தியது. ஏறிப் படுத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கம்பியைப் பிடித்தாள். இருபது நாள் பழக்கம். தையல் தழும்பைச் சுற்றி ஊதா மையில் போட்டிருந்த கட்டம் தெரிந்தது. அது அழியக்கூடாதென்று நான்கு வாரமாக அந்த இடத்தில் தண்ணீர் படாமல் காத்திருந்தாள்.

மேலேயிருந்து மெஷின் விளக்கு ஒரு வெளிச்சக் கட்டத்தைப் போட்டது. வெளிச்சக் கட்டம் மைக் கட்டத்தின் மேல் அச்சாக உட்கார வேண்டும்.

"இடது பக்கம் நகர்த்துங்கோ," என்றார் ராமானுஜம் கதவிலிருந்து. "இன்னும் கொஞ்சம். அதிகம். திரும்புங்கோ."

நஸ்ருன்னிசாவின் கண்ணில் நீர் கொட்டியது. கோடு இரண்டாகத் தெரிகிறது என்றாள். துடைக்கக் கையைத் தூக்கினாள்.

"தொடாதே. கண்ணை மூடு. பத்து எண்ணு. காஜாவுக்குச் சாக்பீஸ் கோடு போட்டிருப்பான்ல, அதுதான் இது. அதைப் பாக்கிற மாதிரி பாரு."

எண்ணினாள். கண்ணைத் திறந்தாள். பங்கஜத்தின் இடுப்பை ஒரு நூல் நகர்த்தினாள். ஒளியும் மையும் ஒன்றாயின. பங்கஜம் கொண்டு வந்திருந்த தையல் டேப்பை நஸ்ருன்னிசா பிடித்து, மெஷின் வாயிலிருந்து தோல் வரை அளந்து சொன்னாள். எண்பது சென்டிமீட்டர். அதுதான் கணக்கு.

ராமானுஜம் கதவோரத்திலிருந்தே குனிந்து, நிமிர்ந்து, எட்டி, மூன்று கோணத்தில் பார்த்தார்.

"நான் வச்சாலும் இப்படித்தான் வச்சிருப்பேன். வெளில வாங்கோ."

கனத்த கதவு மூடியது. மணி அடித்தது. மெஷின் உறுமியது. பங்கஜம் கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சை அளந்து விட்டாள். மறுபடி மணி. இருபத்தொன்று.

இறங்கினாள். தன் விரிப்பைச் சுருட்டினாள். அடுத்ததைக் கிழித்தாள். "ஏறு," என்றாள் நஸ்ருன்னிசாவிடம்.

புதன்கிழமை ஐந்து மணிக்குக் கேட்டில் ஏழு சிவப்புக் கண்காரர்கள் நின்றார்கள். யார் சொல்லி வந்தார்களோ. அனந்தராமன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். 'இன்றைக்கு மட்டும்' என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. வெள்ளைக் கண் காலையில், சிவப்புக் கண் மாலையில் என்று வாட்ச்மேன் கண்ணாடியை ஆட்டிப் பிரிக்க ஆரம்பித்தான். சனிக்கிழமை பங்கஜத்துக்கு இருபத்தைந்து முடிந்தது. கண்ணும் வெளுத்திருந்தது. ராமானுஜத்தின் கண்ணும் வெள்ளையாகவே இருந்தது.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு அவள் டேப்பை எடுத்துப் பையில் போட்டாள். சண்முகசுந்தரம் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். எல்லாம்தான் முடிந்ததே, இன்னும் என்ன ஆஸ்பத்திரி என்று கேட்டார்.

"அவளுக்கு எட்டு பாக்கி இருக்கு. யார் வச்சு விடுவா?"

அவர் இன்னொரு பீஸ் காடாத்துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

கேட்டில் வாட்ச்மேன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். ஷேவிங் கண்ணாடி வைத்துப் பார்த்தும் வந்துவிட்டதாம். ஆனால் உத்தியோகத்தை விடவில்லை.

"வெள்ளையா கீது ஒன் கண்ணு. வெள்ளைக் கண்ணுக்குக் காலைலதான். போ, நாளைக்கு வா."

பங்கஜம் நெருங்கிப் போய் அவனுடைய கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கீழே இறக்கினாள். சிவந்த இரண்டு கண்களையும் நேருக்கு நேர், நிதானமாகப் பார்த்தாள்.

"எனக்கு வந்து போயாச்சுப்பா. கண்ணும் பாத்தாச்சு, அதைவிடப் பெரிசும் பாத்தாச்சு. நான் நோயாளி இல்ல, வேலைக்கு வந்திருக்கேன். தள்ளு."

தள்ளினான்.

உள்ளே நஸ்ருன்னிசா ஏற்கெனவே மேஜையில் ஏறிக் கையைத் தூக்கி வைத்திருந்தாள். வெளிச்சக் கட்டம் ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தது.

"அசையாதே," என்றாள் பங்கஜம், டேப்பை உதறி நீட்டிக்கொண்டே.